டிவிஷன் 1-ல் உதவிக் கோச்சா, சின்னக் கல்லூரியில் தலைமைக் கோச்சா?

ஜனவரியில் ஒருநாள் ராத்திரி அக்கா மகள் போன் செய்தாள். "சித்தி, மூணு இடத்துல இருந்து வேலை வந்திருக்கு. பத்து நாள்ல பதில் சொல்லணும்" என்றாள். அவளுக்கு 27 வயது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணியில் நடுக்களத்தில் ஆடியவள். படிப்பு முடிந்ததும் ஒரு கல்லூரியில் கிராஜுவேட் அசிஸ்டென்டாக இரண்டு வருடம் இருந்தாள். அணிக்குப் பயிற்சி கொடுத்தால் முதுகலைக் கட்டணத்தைக் கல்லூரியே ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. அப்புறம் ஒரு டிவிஷன் 2 கல்லூரியில் உதவிக் கோச்சாக மூன்று வருடம். (இங்கே கல்லூரி விளையாட்டில் மூன்று அடுக்கு. டிவிஷன் 1 மேலே, 3 கீழே.)

வந்திருந்த வேலைகள் இவை. ஒன்று, பெயர் பெற்ற டிவிஷன் 1 பல்கலைக்கழகத்தில் பெண்கள் அணிக்கு உதவிக் கோச். இரண்டாவது, சின்ன ஊரிலுள்ள டிவிஷன் 3 கல்லூரியில் தலைமைக் கோச். மூன்றாவது, பெரிய நகரத்தின் புறநகரில் இருக்கும் கால்பந்து கிளப்பில் பெண்கள் பிரிவுக்கு டைரக்டர். நான்காவதாக ஒன்று அவள் மனசில் மட்டும் இருந்தது: என்றைக்காவது ஒரு தொழில்முறை அணி.

நான் கோச் இல்லை. வட கரோலினாவில் கேரி என்ற ஊரில் இருக்கிறேன். என் பெண் கிளப்பில் ஆடிய ஒன்பது வருடமும் அணிக்கு டீம் மேனேஜராக இருந்து, டென்ட் தூக்கி, ஹோட்டல் பதிவு செய்து, ரெஃபரிக்குப் பணம் எண்ணிக் கொடுத்தவள். ஆனால் இந்த ஊரில் இருப்பவர்களுக்குப் பெண்கள் கால்பந்து பக்கத்து வீட்டு விஷயம். சேப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகம் கார் எடுத்தால் அரை மணி நேரம். கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கமான என்சிஏஏவின் டிவிஷன் 1 மகளிர் இறுதிப் போட்டி பல வருடங்கள் எங்கள் ஊர் வேக்மெட் சாக்கர் பார்க்கில்தான் நடந்திருக்கிறது. அங்கே பார்த்த இரண்டு இறுதிப் போட்டிகளை வைத்துத்தான் முதலில் அவளுக்கு யோசனை சொன்னேன். அந்த யோசனை பாதி தப்பு என்று பிறகு தெரிந்தது.

2022 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமான யுசிஎல்ஏவும் வட கரோலினாவும் மோதிய போட்டி முதலாவது. வட கரோலினா 2-0 என்று முன்னால் இருந்தது. யுசிஎல்ஏ ஒரு கோல் திருப்பியது. ஆட்டம் முடிய 16 வினாடி இருக்கும்போது கார்னரிலிருந்து இரண்டாவது கோல். கூடுதல் நேரத்தில் 3-2 என்று கோப்பை அவர்களுடையது. என்னைச் சுற்றி இளநீலச் சட்டை போட்டவர்கள் எல்லாரும் கல்லாக நின்றார்கள். எதிர்ப் பக்கம் யுசிஎல்ஏ கோச் மார்கரீட் அவோசாசாவைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அது அவர் தலைமைக் கோச்சாக இருந்த முதல் வருடம். டிவிஷன் 1 மகளிர் கால்பந்தில் முதல் வருடமே கோப்பை வென்ற தலைமைக் கோச் அதற்கு முன் யாருமில்லை.

இரண்டாவது, 2024 டிசம்பர். அந்த ஆகஸ்டில், சீசன் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது ஆன்சன் டோரன்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார். 1979-லிருந்து வட கரோலினா பெண்கள் அணியை நடத்தியவர். என்சிஏஏ கோப்பை மட்டும் 21. நடுவே 1986 முதல் 1994 வரை அமெரிக்கத் தேசிய அணிக்கும் கோச்சாக இருந்து, 1991-ல் முதல் மகளிர் உலகக் கோப்பையையும் வென்றவர். அவருடைய நாற்காலியில் தற்காலிகமாக உட்கார்ந்தவர் அவரிடம் பல வருடம் உதவியாளராக இருந்த டேமன் நாஹஸ். அந்த டிசம்பரில் எங்கள் ஊரில் வேக் ஃபாரஸ்ட்டை 1-0 என்று வென்று 22-வது கோப்பையைச் சேப்பல் ஹில்லுக்குக் கொண்டுபோனார். அப்புறம் "தற்காலிகம்" என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள்.

இரண்டு பேருமே முதல் வருடத் தலைமைக் கோச்சுகள், இரண்டு பேருமே பெரிய இடத்தில் நீண்ட காலம் உதவியாளராக இருந்தவர்கள். அதனால் நான் யோசிக்கவே இல்லை. "டிவிஷன் 1 உதவி வேலையை எடுத்துக்கோ கண்ணு. பெரிய இடத்துல கத்துக்கிட்டாதான் பெரிய இடம் கிடைக்கும்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "சித்தி, அவோசாசா ஸ்டான்ஃபோர்டுல எத்தனை வருஷம் இருந்தாங்க தெரியுமா?"

ஏழு சீசன். பால் ராட்கிளிஃப் என்ற ஒரே தலைமைக் கோச்சின் கீழ். அவர் 2003-லிருந்து அந்த அணியை நடத்துகிறார். அவோசாசா அங்கே இருந்தபோதே 2017, 2019 என்று இரண்டு கோப்பைகள். அதாவது மேலே இருப்பவர் நகரவில்லை. கீழே இருப்பவருக்குப் பொறுப்பு கூடிக்கொண்டே போக நேரமும் இடமும் இருந்தது. நாஹஸ் கதையும் அதுதான். டோரன்ஸ் என்கிற ஆலமரம் அங்கேயே நின்றது.

உதவிக் கோச் வேலையில் ஊரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் இரண்டாம் பட்சம். யாருக்குக் கீழே வேலை செய்யப் போகிறோம், அவர் எத்தனை வருடம் இருப்பார் என்பதே முதல் கேள்வி. தலைமைக் கோச்சை அனுப்பினால், புதிதாக வருபவர் பெரும்பாலும் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். பழைய உதவியாளர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். என் அக்கா மகளுக்கு வந்த டிவிஷன் 1 இடத்தில் தலைமைக் கோச்சுக்கு ஒப்பந்தத்தில் ஒரு வருடம்தான் பாக்கி. அதை அந்த மனிதரே நேர்மையாக அவளிடம் சொல்லியிருந்தார்.

அடுத்தது, தினமும் என்ன வேலை என்பது. இதைப் பேசாமல் எந்த ஒப்பீடும் உதவாது. டிவிஷன் 1-ல் சீசன் நேரத்தில் பிள்ளைகளை வாரத்துக்கு 20 மணி நேரம்தான் விளையாட்டுக்கு இழுக்கலாம் என்பது விதி. சீசன் இல்லாதபோது 8 மணி நேரம். அப்படியானால் கோச்சின் மீதி நேரம் எங்கே போகிறது? பெரும்பகுதி ரெக்ரூட்டிங். அடுத்தடுத்த வருடங்களுக்குப் பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பது. பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 வரை டிவிஷன் 1 கோச் அந்தப் பிள்ளையிடம் சேருவதைப் பற்றிப் பேசக்கூடாது, மெசேஜும் அனுப்பக்கூடாது. ஆனால் பார்க்கலாம். அதனால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

பனிக்காலப் போட்டிகளில் இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கோட்டுக்கு வெளியே வரிசையாக மடக்கு நாற்காலிகள். கல்லூரிச் சின்னம் போட்ட ஜாக்கெட், மடியில் நோட்டு, கையில் ஆறிப்போன காபி. ஒரு தடவை, மழை தூறிக்கொண்டிருந்தது, ஒரு இளம் உதவிக் கோச் எங்கள் டென்ட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நோட்டுத் தாள் நனையாமல் இருக்க அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறைக்குள்ளேயே கையை விட்டு எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் 6-ம் எண் பிள்ளையைச் சரியாகப் பத்து நிமிஷம் பார்த்தார். எழுந்தார், நாற்காலியை மடக்கினார், நான்காவது மைதானத்துக்கு நடந்தார். அவர் போன மறு நிமிஷம் 6-ம் எண் கோல் அடித்தாள். அவருடைய தாளில் அது இருக்காது. அன்றைக்கு அவருக்கு இன்னும் பதினோரு பிள்ளைகள் பாக்கி என்று டென்ட்டில் நின்றபோது சொல்லியிருந்தார். சனி, ஞாயிறு, வேறு மாநிலம், மலிவான ஹோட்டல். இளம் உதவிக் கோச்சின் குளிர்காலம் பெரும்பாலும் இப்படித்தான் கழிகிறது.

இது தாழ்ந்த வேலை என்று சொல்லவில்லை. நல்ல கண் இதில்தான் வளர்கிறது. ஆனால் "எனக்குப் பயிற்சி கொடுக்கத்தான் பிடிக்கும்" என்று சொல்லும் பெண், இந்த வேலையில் பயிற்சி எவ்வளவு என்று கேட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவள் கேட்டாள். வீடியோ வெட்டுவது, பயண ஏற்பாடு, ரெக்ரூட்டிங் பட்டியல் எல்லாம் அவள் பொறுப்பு. மைதானத்தில் வார்ம்-அப் அவளுடையது, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்றார்களாம்.

இன்னொன்றும் மாறிவிட்டது. முன்பு டிவிஷன் 1 பெண்கள் கால்பந்து அணிக்கு 14 ஸ்காலர்ஷிப் என்று வரம்பு இருந்தது. அதைப் பிரித்துப் பிரித்து இருபத்தைந்து முப்பது பேருக்குக் கோச்சுகள் பங்கு போடுவார்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட ஹவுஸ் சமரசத்துக்குப் பிறகு (ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய வழக்கு அது), அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு கிடையாது. ஆனால் அணியில் 28 பேர்தான் இருக்கலாம். அதோடு பல்கலைக்கழகம் தன் வருமானத்திலிருந்து ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருட உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். அதில் பெரும் பங்கு அமெரிக்க ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. பெண்கள் கால்பந்துக்கு என்ன மிஞ்சும் என்பது இடத்துக்கு இடம் வேறு. போதாததற்கு 2018-ல் தொடங்கிய டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது கல்லூரி மாற நினைக்கும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல். நீங்கள் மூன்று வருடம் தேடிப் பிடித்த பிள்ளை ஒரே டிசம்பரில் வேறு கல்லூரிக்குப் போய்விடலாம். பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் குழுவுக்குக் கான்ஃபரன்ஸ் என்று பெயர். 2024-லிருந்து யுசிஎல்ஏ பிக் டென் என்ற கான்ஃபரன்ஸில் ஆடுகிறது, ஸ்டான்ஃபோர்டு அட்லான்டிக் கரை கான்ஃபரன்ஸில் ஆடுகிறது. கலிஃபோர்னியாப் பிள்ளைகள் ஒரு கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்காக நாட்டின் இந்தக் கோடிக்குப் பறந்து வருகிறார்கள். கூடவே கோச்சும்.

டிவிஷன் 3 வேறு உலகம். விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் ஒரு டாலர்கூடக் கிடையாது. பிள்ளைகள் படிக்க வருகிறார்கள், ஆடவும் ஆடுகிறார்கள். இங்கே கோச் அட்மிஷன் அலுவலகத்தோடும் நிதியுதவி அலுவலகத்தோடும் பழகத் தெரிந்தவராக இருக்க வேண்டும். போனும் மெசேஜும் டிவிஷன் 1 போலக் கட்டுப்பாடாக இல்லை. பள்ளிப் பிள்ளைகளோடு முன்கூட்டியே பேசலாம். உதவியாளர்கள் பெரும்பாலும் பகுதி நேரம்தான். பல கல்லூரிகளில் கோச்சுக்கே இன்னொரு வேலையும் ஒட்டியிருக்கும்: உடற்கல்வி வகுப்பு, ஜிம் மேற்பார்வை, வசந்த காலத்தில் வேறு அணிக்கு உதவி. ஆனால் யார் ஆடுவது, எப்படி ஆடுவது, பாதி நேரத்தில் என்ன மாற்றுவது எல்லாம் உங்கள் முடிவு. தப்பும் உங்களுடையது. இருபத்தேழு வயதில் இது பெரிய படிப்பு.

இந்த வழியில் போய் உயரம் தொட்டவர்கள் குறைவில்லை. பெக்கி பர்லி ஜார்ஜியாவில் பெரி என்ற சின்னக் கல்லூரியில் இருபதுகளின் தொடக்கத்திலேயே தலைமைக் கோச். அங்கே என்ஏஐஏ என்ற, சின்னக் கல்லூரிகளுக்கான வேறொரு சங்கத்தின் கோப்பை இரண்டு தடவை. 1995-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் புதிதாகப் பெண்கள் அணி தொடங்கியபோது அவரை எடுத்தது. நான்காவது சீசனிலேயே, 1998-ல், வட கரோலினாவை வென்று கோப்பை. டிவிஷன் 1 கோப்பை வென்ற முதல் பெண் கோச் அவர். 2021 வரை அதே ஃப்ளோரிடாதான். எம்மா ஹேய்ஸை இன்று எல்லாருக்கும் தெரியும். செல்சியை வருடக்கணக்கில் நடத்தி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். இருபதுகளில் அவர் நியூயார்க் பக்கம் அயோனா என்ற கல்லூரியில் பெண்கள் அணிக் கோச்சாக இருந்தவர். டிவிஷன் 3 என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதும் சரியில்லை. 2022-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டிவிஷன் 3 ஆண்கள் அணியை ஜூலியன் சிட்ச் கோப்பைக்குக் கொண்டுபோனார். என்சிஏஏ ஆண்கள் கால்பந்துக் கோப்பை வென்ற முதல் பெண் கோச் அவர்தான்.

பெண்களுக்கு இந்த வேலை எளிதாகக் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1972-ல், கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடை செய்யும் டைட்டில் 9 சட்டம் வந்தபோது கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் பெண்களே கோச்சாக இருந்தார்கள். சட்டத்தால் அணிகள் பெருகின, சம்பளம் கூடியது, ஆண்களும் வந்தார்கள். இன்று பாதிக்கும் கீழே போய்விட்டது. அதனால் ஒரு பெண்ணுக்குத் தலைமை வேலை கையில் வரும்போது, அது எவ்வளவு சின்ன இடமானாலும், தட்டிவிடுவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். "முன்னே தலைமைக் கோச்சாக இருந்தவர்" என்ற ஒரு வரி அடுத்த விண்ணப்பத்தில் நிறைய பேசும்.

கிளப் டைரக்டர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவளும் சுருக்கமாகவே தள்ளிவிட்டாள். மூன்றிலும் சம்பளம் அதில்தான் அதிகம். ஊர் மாற வேண்டியதில்லை. எட்டு வயதிலிருந்து பிள்ளைகளை வளர்த்தெடுக்கலாம். எனக்கு அந்த வேலை செய்பவர்கள்மீது பெரிய மரியாதை உண்டு. ஆனால் சாயங்காலமும் சனி ஞாயிறும் உங்களுடையது இல்லை. மாதாமாதம் பணம் கட்டும் பெற்றோரிடம் பதில் சொல்லியே பாதி நேரம் போகும். நானும் அந்தப் பெற்றோரில் ஒருத்தி. தரையும் அடிக்கடி நகரும். 2017-ல் அமெரிக்கக் கால்பந்து சங்கம் பெண்களுக்கென்று டெவலப்மென்ட் அகாடமி என்ற இளையோர் லீகைத் தொடங்கியது, 2020 ஏப்ரலில் மூடியது. அதை நம்பித் திட்டம் போட்ட கிளப்புகள் அவசர அவசரமாக வேறு லீகுக்கு ஓடின.

தொழில்முறை அணி என்ற கனவைப் பற்றி. என்டபிள்யூஎஸ்எல் என்ற அமெரிக்க மகளிர் தொழில்முறை லீக் 2013-லிருந்து நிற்கிறது, வளர்கிறது. கோச்சுக்கு அங்கே ரெக்ரூட்டிங் நாற்காலி இல்லை. முழு நாளும் ஆட்டம்தான். அதற்கு முன் வந்த இரண்டு லீகுகளின் கதையையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டபிள்யூயுஎஸ்ஏ 2001-ல் தொடங்கி 2003-ல் மூடியது, அதுவும் உலகக் கோப்பைக்குச் சில நாட்கள் இருக்கும்போது. அடுத்து வந்த டபிள்யூபிஎஸ் மூன்று சீசன்தான் ஆடியது. மார்க் கிரிகோரியன் அந்த முதல் லீகில் ஃபிலடெல்ஃபியா அணியின் கோச். லீக் போனது. 2005-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே 17 சீசன், 2014, 2018, 2021 என்று மூன்று கோப்பை. அப்புறம் 2022-ல் வாஷிங்டன் ஸ்பிரிட் என்ற தொழில்முறை அணிக்கு நிர்வாகியாகப் போனார். தொழில்முறை லீக் இல்லாத வருடங்களிலும் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது கல்லூரிதான்.

ஜில் எல்லிஸையும் சொல்ல வேண்டும். கையிலிருந்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு மேரிலாண்டில் ஏப்ரல் ஹைன்ரிக்ஸிடம் சொற்பச் சம்பளத்துக்கு உதவிக் கோச்சாகப் போனவர். பிறகு 1999 முதல் 2010 வரை யுசிஎல்ஏ. எட்டுத் தடவை கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தார். கோப்பை மட்டும் ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. அதே எல்லிஸ்தான் 2015, 2019 என்று அடுத்தடுத்து இரண்டு உலகக் கோப்பை வென்றார். என் அக்கா மகள் தன் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருப்பது அவர் படத்தைத்தான்.

விசாவையும் சொல்லியாக வேண்டும். இவள் இங்கேயே பிறந்தவள், இவளுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4-ல் வளர்ந்து 21 வயதில் மாணவர் விசாவுக்கு மாறிய பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை! அவர்களுக்குக் கணக்கே வேறு. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலுக்கு வெளியே இருக்கின்றன. வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். கிளப்புக்கும் தொழில்முறை அணிக்கும் சாதாரணமாக அந்த வசதி கிடையாது. அந்த நிலையில் இருக்கும் பிள்ளை கல்லூரி வேலையையே முதலில் பார்க்கட்டும். சின்னக் கல்லூரி விசாவுக்குச் செலவு செய்யுமா என்று நேர்காணலிலேயே கேட்டுவிட வேண்டும், ஒரு வக்கீலிடமும் பேச வேண்டும்.

அக்காவுக்கு வேறு கவலை. "தீபாவளிக்குக்கூட வரமாட்டா. எப்ப கல்யாணம் பண்ணுவா?" என்கிறாள். தீபாவளிக்கு வரமாட்டாள் என்பது உண்மைதான். எந்த டிவிஷனாக இருந்தாலும் தீபாவளி சமயத்தில்தான் சீசனின் முக்கியமான ஆட்டங்கள் இருக்கும். பொங்கல் சமயத்தில் கோச்சுகளின் வருடாந்திர மாநாடு. அது எந்த வேலையை எடுத்தாலும் மாறாது. மாறக்கூடியது ஒன்று உண்டு: டிவிஷன் 1 உதவிக் கோச் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மாநிலம் மாறிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். சின்னக் கல்லூரித் தலைமைக் கோச் ஒரு ஊரில் வேர் விடலாம்.

எட்டாவது நாள் அவள் திரும்பக் கூப்பிட்டபோது என் யோசனையை மாற்றிச் சொன்னேன். மேலே நிலையான ஒரு கோச் இருந்து, "இந்தப் பயிற்சியை நீ நடத்து" என்று முதல் வாரமே மைதானத்தைக் கையில் கொடுப்பார் என்றால், டிவிஷன் 1 உதவி வேலைக்கு நிகர் எதுவும் இல்லை. ராட்கிளிஃப் போல, டோரன்ஸ் போல ஒருவர் கூப்பிட்டால் சம்பளம்கூடக் கேட்காமல் போ. உனக்கு வந்திருப்பது அது இல்லை. ஒரு வருட ஒப்பந்தத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் நோட்டுக்கும் உன் இருபத்தேழாவது வயதைக் கொடுக்காதே.

அவள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தாள். டிவிஷன் 3 கல்லூரிக்கு நேரில் போய் மைதானத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். லக்ராஸ் அணியோடு பங்கு போட வேண்டிய மைதானம். கோடு போடும் வண்டியின் ஒரு சக்கரம் ஆடுகிறதாம். அணிப் பிள்ளைகள் நான்கு பேர் அவளைச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிப் போய், ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார்களாம். "பாதி நேரத்துல கத்துவீங்களா?" என்பது முதல் கேள்வி. "பயோ லேப் இருந்தா பிராக்டிஸுக்கு லேட்டா வரலாமா?" என்பது இரண்டாவது.

மார்ச்சில் வேலையில் சேர்ந்தாள். அணியில் 23 பேர், கோல்கீப்பர் ஒரே ஒருத்திதான், அவளும் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறாள். போன வாரம் மறுபடியும் போன். "சித்தி, உங்க கிளப் பக்கம் பன்னிரண்டாவது படிக்கிற கோல்கீப்பர், இன்னும் காலேஜ் முடிவு பண்ணாத பொண்ணு யாராவது இருக்காளா?" பழைய டீம் லிஸ்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு அந்த அம்மாக்களுக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.